ஐந்நிலமும் ஆட்டச்சீட்டும்

சீட்டு என்னும் சொல் பேராக் தோட்டங்களில் ஒருகாலத்தில் நல்ல சொல்லாக வழங்கியதில்லை. சம்பள நாள் இரவில், லயத்தின் கோடியில் விரித்த சாக்கின்மேல், ஒரு திங்கள் பால்மரம் சீவிய கூலி கைமாறிப் போனதைக் கண்டவர்கள் இன்றும் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் முதியோராய் வாழ்கின்றனர். கள்ளுக்கடையையும் சீட்டுக்கட்டையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பழித்தவர்கள் அவர்கள். அவ்வாறு பழித்ததில் தவறும் இல்லை.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகள் ஆயின. லயங்கள் மறைந்தன. அங்கு வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று நகரத்துக் கடைகளில் வேறொரு வகைச் சீட்டைக் காண்கின்றனர். ஒவ்வொரு சீட்டிலும் ஓர் உருவம். அதற்கு ஒரு பெயர். அது செய்யும் ஒரு செயல். அடியில் ஒரு சிறு வாசகம். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால் அவை ஒரு பெருங்கதையின் துண்டுகள் எனத் தெரியவரும். மாணவன் பையில் இத்தகைய சீட்டைக் கண்ட ஆசிரியர் இரண்டில் ஒன்று செய்யலாம். பறித்து மேசையறையில் பூட்டி வைக்கலாம். அன்றி, ஒன்றை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். படித்துப் பார்ப்பவர்க்குத் தமிழ் இலக்கியம் கற்பிக்கும் முறை பற்றியே ஒரு கேள்வி எழும். அக்கேள்வியே இங்கு ஆராயப்படுகிறது.

தொகுத்தலே ஆட்டம்

இவ்வகை ஆட்டங்களுள் முன்னோடியாய் நிற்பது ‘மேஜிக்: த கேதரிங்’ என்பது. ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்த இதனை 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ‘விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ என்னும் நிறுவனம் வெளியிட்டது. ஆடுவோர் இருவரும் மந்திரவாதிகள். ஒவ்வொருவர்க்கும் தொடக்கத்தில் உயிர் எண் 20. எதிரியின் எண்ணைப் பூச்சியமாக்குபவர் வெல்வார். கையில் முதலில் 7 சீட்டுகள். பிறகு முறைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை புதுமை ஒன்றும் இல்லை. புதுமை கட்டில் இருக்கிறது. வழக்கமான சீட்டுக்கட்டு உலகம் முழுவதும் ஒன்றே. அதில் 52 சீட்டுகள். இவ்வாட்டத்திலோ ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள சீட்டுகளிலிருந்து குறைந்தது 60 சீட்டுகளைத் தெரிந்தெடுத்துத் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். ஒருவர் கட்டுப்போல் மற்றொருவர் கட்டு இருக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் பெயரில் உள்ள ‘கேதரிங்’ என்னும் சொல் கூடுதல் என்றும் தொகுத்தல் என்றும் பொருள்படும். எட்டுத்தொகை என்னும் பெயரோடு பழகிய தமிழாசிரியர்க்கு இச்சொல் புதிதாகத் தோன்றாது. புலவர் பலர் வெவ்வேறு காலத்தில் பாடிய தனிப்பாடல்களைத் தெரிந்தெடுத்து, அளவு நோக்கி அடுக்கி, ஒரு நூலாக்கியவர் தொகுத்தோர். குறுந்தொகையைத் தொகுத்தவன் பூரிக்கோ என்பர். தொகுப்பவனுடைய சுவையும் ஒரு படைப்பே என்பதைத் தமிழ் மரபு தொகுத்தார் பெயரையும் தொகுப்பித்தார் பெயரையும் போற்றி வைத்ததனால் ஒப்புக்கொண்டுள்ளது.

கதை எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. தொடக்கத்தில் சீட்டுகளில் கதைத்துளிகள் மட்டுமே இருந்தன. 1997-இல் ‘வெதர்லைட்’ என்னும் பறக்கும் கப்பலையும் அதில் சென்றோரையும் பற்றிய நெடுங்கதை ஒன்று தொடங்கிப் பல தொகுப்புகளின் வழியே நடந்தது. ஓவியங்கள் காட்சிகளைக் காட்டின; அடிவாசகங்கள் மாந்தரின் பேச்சைத் தந்தன; விரிந்த கதையைப் புதினங்கள் கூறின. பின்னாளில் நிறுவனம் சிறுகதைகளை இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. ஆகவே, ஒரு சீட்டைக் கையில் எடுப்பவன் கதையை எடுக்கவில்லை. கதையின் ஒரு கணத்தை எடுக்கிறான். யார் பேசுகிறார், யாரிடம், எந்நிலையில் என்பது சீட்டில் இல்லை. புதியவன் திகைப்பது இங்கேதான்.

கட்டியங்காரன் இல்லாத மேடை

இத்திகைப்பைத் தோட்டத்து மக்கள் அறியாதவர் அல்லர். மாரியம்மன் கோயில் திருவிழாவில் தெருக்கூத்து நடந்த காலத்தில், பாரதம் முழுவதையும் முன்பே கேட்டவர்கள் மட்டும் களத்தில் அமர்ந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதல் கூத்துப் பார்க்க வந்த சிறுவனும் அமர்ந்திருந்தான். அவனுக்காகவே கூத்தில் ஒருவன் உண்டு. அவன் கட்டியங்காரன். திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டு வரும் வேடத்தை நிறுத்தி, நீர் யார், எந்நாட்டவர், எதற்காக வந்தீர் என்று கேட்பவன் அவன். வேடம் தன் வரலாற்றைத் தானே சொல்லும். அறிந்தவர் நகைச்சுவையை நுகர்வர். அறியாதவர் கதையைப் பெறுவர். ஒரே கேள்வி இருவர்க்கும் பயன்படும்.

சீட்டாட்டத்தின் மேடையில் இவ்வாறு கேட்பவன் இல்லை. அவனுக்குப் பதிலாக விதிநூல் ஒன்று இருக்கிறது. மேஜிக் ஆட்டத்தின் முழு விதிநூல் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்டது. பழகிய ஆட்டக்காரரும் ஐயம் எழுந்தபோது புரட்டிப் பார்ப்பதே அதன் பயன். அதைக் கொண்டு ஒருவனை ஆட்டத்துள் கொண்டுவர முடியாது. நன்னூலைக் கொடுத்துக் குறுந்தொகையைச் சுவைக்கச் சொல்வது போன்றதாகும் அது.

கதையின் நீளமும் இதே இடரைத் தரும். 1995-இல் வெளிவந்த ‘லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்’ என்னும் ஆட்டம் இதற்குச் சான்று. ரொக்குகன் என்னும் கற்பனை நாட்டில் குலங்கள் தம்முள் பூசலிடுவது அதன் கதை. போட்டிகளில் வென்றவரின் குலத்துக்கு ஏற்பக் கதை திரும்பியது. கேட்போரே கதையை நடத்தும் இவ்வமைப்பு உயர்ந்த எண்ணம் என்பதில் ஐயம் இல்லை. உள்ளே இருந்தவர்க்கு அது தம் குலத்து வரலாறாகவே ஆயிற்று. ஆனால், வெளியே நிற்பவன் நிலை என்ன? ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு எனக் கதை வளர வளர, வாயில் உள்ளே உள்ளே தள்ளிப் போகிறது. 2015-இல் அவ்வாட்டம் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறிப் பழைய வடிவில் நின்றுவிட்டது. 2017-இல் பிறந்த புதிய வடிவமும் 2021-இல் முடிவுற்றது. நின்றதற்கு வணிகக் காரணங்களும் உண்டு. எனினும், கதை செழிக்கச் செழிக்கப் புதியவனுக்கு வாயில் குறுகும் என்னும் உண்மை அதனால் பொய்யாகாது.

நிலமே முதல்

அவ்வாறாயின் மேஜிக் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புதியவரைப் பெற்று வருவது எங்ஙனம்? கதையின் தொடக்கத்திலோ விதிநூலின் முதற்பக்கத்திலோ அவர்களை நிறுத்தாமல் நிலத்தில் நிறுத்துவதே அதன் திறம்.

இவ்வாட்டத்தில் நிலச்சீட்டு என ஒரு வகை உண்டு. ஒரு முறைக்கு ஒரு நிலத்தைக் களத்தில் வைக்கலாம். நிலம் ஆற்றல் தரும். அவ்வாற்றலால் உயிர்களையும் மந்திரங்களையும் வரவழைக்க வேண்டும். நிலம் இன்றி ஏறக்குறைய எச்செயலும் இல்லை. அடிப்படை நிலங்கள் ஐந்து: சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறம், அந்நிறத்துக்கு ஓர் இயல்பு. சமவெளியின் வெண்மை ஒழுங்கையும் அமைதியையும் குறிக்கும். தீவின் நீலம் அறிவை; சதுப்பின் கருமை தன் வலிமையே பெரிதெனக் கொள்ளும் வேட்கையை; மலையின் செம்மை உணர்ச்சி வேகத்தை; காட்டின் பசுமை இயற்கையின் வளர்ச்சியை. நிலத்துக்கு ஏற்பவே உயிர்களும் தோன்றும். சமவெளியில் படைவீரர், தீவில் கடல் விலங்கும் கலை வல்லாரும், சதுப்பில் பேயும் பிணமும், மலையில் நெருப்புமிழும் பறவைநாகம், காட்டில் ஓநாயும் கரடியும்.

தொல்காப்பியப் பொருளதிகாரம் கற்பிப்போர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நிலம் முதற்பொருள், அதிற் பிறக்கும் உயிர்கள் கருப்பொருள், நிலத்துக்குரிய உள்ளப்பாங்கு உரிப்பொருள். ஒரு கட்டில் இரு நிறங்களைக் கலப்பவன் திணை மயக்கத்தை அறிந்தோ அறியாமலோ கையாளுகிறான். ‘மலை’ என்று ஒரு சீட்டை வைத்த அளவில், அடுத்து வரக்கூடியது வேகமும் சினமும் என எதிரில் இருப்பவன் உணர்கிறான். குறிஞ்சிப்பூ என்று புலவன் கூறிய அளவில் கூடலை எதிர்நோக்கும் வாசகனைப் போல. சொல்லாமல் சொல்லும் இம்முறையே ஆட்டத்தின் உயிர்.

பேராக் மாணவனுக்கு இவ்வைந்தையும் காட்டப் படம் தேவையில்லை. கிரியான் மாவட்டத்தில், பாரிட் புந்தாரையும் பாகான் செராயையும் சூழ்ந்து நெல்வயல்கள் விரிந்துள்ளன, அதுவே சமவெளி. பங்கோர் தீவு. தைப்பிங்குக்கு மேற்கே மாத்தாங் அலையாத்திக் காடு, அதுவே சதுப்பு. ஈப்போவின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். வடக்கே பெலும் பெருங்காடு. வயலை மருதமாகவும், பங்கோர்க் கரையை நெய்தலாகவும், தொடர்மலையைக் குறிஞ்சியாகவும், காட்டை முல்லையாகவும் காணக் கண் ஒன்றே போதும். இருந்தும், திணை ஐந்தும் நம் பள்ளிகளில் பெரும்பாலும் மனப்பாடக் கட்டங்களாகவே நிற்கின்றன. கிளேடாங் மலையைச் சன்னல் வழியே காணும் மாணவன், குறிஞ்சி என்பது வேறெங்கோ, என்றோ இருந்த ஒன்று என எண்ணித் தேர்வு எழுதுகிறான். சீட்டு அவனுக்கு நிலத்தை முதலில் தந்தது. பாடம் அட்டவணையை முதலில் தந்தது. இரண்டில் எது அவனை உள்ளே அழைத்தது என்பதை வகுப்பறையே காட்டும்.

ஒப்புமையின் எல்லை

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஐந்து நிலம் கண்டவுடன், இதுவும் தமிழனிடமிருந்து சென்றதே என மேடையில் முழங்க ஒருவர் எழுவர். அது ஆராய்ச்சி ஆகாது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு காட்டச் சான்று இல்லை. ஒப்புமை ஏறிச்செல்லும் ஏணியாகலாம். பிறப்புச் சான்றிதழ் ஆகாது.

வேறுபாடுகளே உண்மையில் மிகுதியாகக் கற்பிக்கின்றன. ஆட்டத்தின் நிறங்களுள் பகையும் நட்பும் உண்டு. வெண்மைக்குப் பசுமையும் நீலமும் நட்பு. கருமையும் செம்மையும் பகை. திணைகளுக்குள் பகை இல்லை. கூடலும் பிரிவும் இருத்தலும் இரங்கலும் ஊடலும் ஒரே காதல் வாழ்வின் நிலைகள். ஒரு திணை மற்றொன்றைத் தோற்கடிப்பதில்லை. மேலும், சீட்டின் இயல்பு ஒருவனுக்கு உரியது; அகத்தின் உரிப்பொருளோ இருவருக்கு இடையே நிகழ்வது. சீட்டின் வீரர்கள் பெயரால் புகழ் பெறுகின்றனர். அகப்பாட்டின் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே இல்லை. பெயர் இல்லாமையால்தான் அவர்கள் எல்லாரும் ஆகின்றனர்.

பாலையே பெரிய வேறுபாடு. சதுப்பைப் பாலைக்கு இணையாக வைக்க இயலாது. சதுப்பு என்றும் சதுப்பு. பாலை அவ்வாறு தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து துயர் தரும் வடிவம் கொள்வதே பாலை எனச் சிலப்பதிகாரம் கூறும். அதாவது, பாலை என்பது நிலத்துக்கு நேர்ந்த ஒரு கதை. இதற்கும் பேராக் மாணவன் தொலைவில் தேட வேண்டாம். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்து முடிந்த இடங்களில் வெண்மணலும் குட்டைகளும் எஞ்சின. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் சுரங்கங்கள் பல ஓய்ந்தன. காடாக இருந்த நிலம் மணலாகக் கிடந்த காட்சியும், தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் மூட்டை கட்டிப் பிரிந்த நிகழ்ச்சியும் ஒருங்கே நினைக்கத் தக்கவை. திரிந்த நிலமும் பிரிவும் ஏன் ஒரு திணையாயின என்பதை உரையாசிரியர் உதவியின்றியே அறியக்கூடிய மக்கள் இவர்கள்.

விதியே கதையாதல்

சீட்டின் கதையழகு அடிவாசகத்தில் உள்ளது எனப் பலர் எண்ணுவர். நல்ல சீட்டுகளில் அது விதியிலேயே உள்ளது.

1993-ஆம் ஆண்டு இறுதியில் ‘அரேபியன் நைட்ஸ்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. ஆயிரத்தோரு இரவுக் கதைகளே அதன் கரு. அதில் ‘ஷாராசாத்’ என ஒரு சீட்டு உண்டு. உயிர் காக்க இரவுதோறும் கதைக்குள் கதை சொன்ன அப்பெண்ணின் சீட்டு என்ன செய்யும்? நடக்கும் ஆட்டத்தை நிறுத்தி, அதற்குள் இன்னொரு சிறு ஆட்டத்தை ஆடச் சொல்லும். அவ்வுள்ளாட்டத்தில் தோற்றவர் வெளியாட்டத்தில் தம் உயிர் எண்ணில் பாதியை இழப்பார். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் படித்தவர்க்குக் கிளைக்கதையின் சுவை தெரியும். அச்சுவையை ஒரு வாக்கியமும் கதை சொல்லாமல், செயலாகவே ஆக்கிவிட்டது இச்சீட்டு. ஆட்டம் முடிவின்றி நீண்டதனால் 2007-இல் போட்டிகளிலிருந்து அது விலக்கப்பட்டது. கதை கேட்ட மன்னனுக்கு விடியல் தள்ளிப்போயிற்று. போட்டி நடத்துவோர்க்கு அவ்வளவு பொறுமை இல்லை.

1999-இல் வெளிவந்த ‘போர்ட்டல் த்ரீ கிங்டம்ஸ்’ என்னும் தொகுப்பு இக்கட்டுரைப் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. புதியவரை, சிறப்பாகக் கிழக்காசியப் புதியவரை, ஆட்டத்துள் கொண்டுவரவே அது ஆக்கப்பட்டது. விதிகள் குறைக்கப்பட்டன. மூன்று நாடுகளின் கதை என்னும் சீனப் பெருங்காவியத்தின் மாந்தர் 180 சீட்டுகளில் இடம்பெற்றனர். அதில் ‘வெறுங்கோட்டைச் சூழ்ச்சி’ என்னும் பொருள்படும் சீட்டொன்று. அமைச்சர் கோங்மிங் படையின்றித் தனித்திருக்கும்போது பகைவர் பெரும்படையுடன் வருகின்றனர். அவர் கோட்டைக் கதவைத் திறந்துவைத்து, மதில்மேல் அமர்ந்து யாழ் மீட்டுகிறார். ஏதோ சூழ்ச்சி உண்டென அஞ்சிப் பகைவர் திரும்புகின்றனர். சீட்டின் விதி யாதெனில், எதிரி தன் அடுத்த முறையில் தாக்கவே இயலாது என்பதுதான். அக்கதையை வீட்டில் பாட்டியிடம் கேட்ட ஈப்போச் சீனப் பிள்ளைக்கு இவ்விதியை விளக்க வேண்டுமா? கண்டவுடன் சிரித்துக்கொள்வான். கதை தெரிந்தவனுக்கு விதி நினைவில் நிற்கிறது. விதியைக் கற்றவனுக்குக் கதையின்மேல் விருப்பம் பிறக்கிறது.

புதியவனை வரவேற்கும் முறை இதனால் தெளிவாகும். அவன் வீட்டிலிருந்து கொண்டுவரும் கதையே அவனுக்கு வாயில்.

தமிழ்ப் பிள்ளைக்கு எது வாயில்?

இந்தியாவில் கதைச்சீட்டு புதிதன்று. கஞ்சிபா என்னும் வட்டச்சீட்டுகள் பல நூற்றாண்டு வழங்கின. தசாவதாரக் கஞ்சிபாவில் திருமாலின் பத்து அவதாரங்களுக்கும் பன்னிரண்டு வீதம் 120 சீட்டுகள். பகலில் ஆடினால் இராமனைக் கையில் உடையவனும், இரவில் ஆடினால் கண்ணனை உடையவனும் ஆட்டத்தைத் தொடங்குவது ஒரு வழக்கு. மைசூர் மன்னர் மும்முடி கிருஷ்ணராச உடையார் புதிய சீட்டாட்டங்களையே வகுத்தார். ஒடிசாவில் இராமாயணச் சீட்டுகளும் உண்டு. சீட்டில் கதையை வைத்தால் கதை இழிவடையும் என்னும் அச்சம் அம்மக்களுக்கு இருந்ததில்லை.

இக்காலச் சீட்டுகளில் தமிழ்ப் பிள்ளை காண்பது என்ன? 2016-இல் மேஜிக் ஆட்டம் ‘காலாதேஷ்’ என்னும் கற்பனை நாட்டைப் படைத்தது. ஆடை, அணி, கட்டடம், பெயர் எல்லாவற்றிலும் இந்தியச் சாயல் தெரிந்தது. சந்திரா என்னும் நெருப்பு வல்லாள் தாய்நாட்டுக்குத் திரும்பி, இறந்துவிட்டாள் என எண்ணிய தாயைக் காண்பது கதையின் நல்ல கட்டம். ஆனால், அந்நாட்டின் பெயரே இந்தி அறிந்தவர் காதில் ‘கறுப்பு நாடு’ என ஒலித்தது. 2025-இல் வந்த தொகுப்பில் அது ‘அவிஷ்கார்’ எனப் பெயர் மாறியது. பெயரைத் திருத்தியது நன்றே. எனினும், பெரிய குறை வேறு. மூன்று நாடுகளின் தொகுப்பு சீனப் பிள்ளைக்கு அவன் அறிந்த கதையைத் தந்தது. காலாதேஷ் இந்தியப் பிள்ளைக்கு அவன் அறிந்த உடையை மட்டும் தந்தது. உடை வாயில் ஆகாது.

உள்நாட்டிலும் இவ்வகை உண்டு. 2011-இல் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘போபோய்போய்’ கேலிச்சித்திரத் தொடரின் கதை சீட்டுகளாகவும் வந்தது. அதில் கோபால் என்னும் இந்தியச் சிறுவன் நாயகனின் தோழன். பொருள்களை உணவாக மாற்றுவது அவன் ஆற்றல். உணவில் ஆசையும் எளிதில் அச்சமும் அவன் குணம். அன்புள்ள தோழன்தான். ஆயினும், தன் பெயர் போன்ற பெயரைச் சீட்டில் தேடும் பிள்ளை நகைச்சுவைத் துணைவனையே காண்கிறான் என்பது எண்ணத்தக்கது.

வாயில் அடைபட்டது என்று இதனால் கூறலாகாது. 2005-இல் டெரி சோ என்னும் மலேசியர் மேஜிக் ஆட்டத்தின் அழைப்புப் போட்டியில் வென்றார். வென்றவர் முகத்தோடு ஒரு சீட்டு வெளியிடுவது அப்போட்டியின் பரிசு. 2006-இல் ‘ரக்டோஸ் ஆகர்மேஜ்’ என்னும் சீட்டில் அவர் உருவம் அச்சேறியது. ஆடுவோன் கதைக்குள் மாந்தனாகவே புக இயலும் என்பதற்கு இந்நாட்டவரே சான்று.

விலை என்னும் சதுப்பு

முதியோரின் பழிப்பில் நியாயம் ஒன்று எஞ்சி நிற்கிறது. அதை மறைத்துப் பேசுவது திறனாய்வு ஆகாது. இச்சீட்டுகள் மூடிய உறைகளில் விற்கப்படுகின்றன. உள்ளே என்ன உள்ளது என்பது வாங்கியபின்தான் தெரியும். அரிய சீட்டு கிடைக்குமா என்னும் ஆசையே அடுத்த உறையை வாங்கச் செய்கிறது. 2023-இல் ‘லார்டு ஆஃப் த ரிங்ஸ்’ கதையை ஒட்டிய தொகுப்பில், உலகிலேயே ஒரே படியாக அச்சிட்ட சீட்டொன்று உறைகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டது. அது பின்னர் 2 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனதாகச் செய்தி வெளியாயிற்று. பேராசையால் மாந்தர் அழிவதைச் சொல்லும் கதையின் மோதிரம் அது. கதையைக் கற்றவன் அச்சீட்டைத் தேடி உறை உறையாகக் கிழித்திருப்பானா என்று கேட்கத் தோன்றுகிறது. லயத்துக் கோடியில் விரித்த சாக்கு முற்றும் மறைந்துவிடவில்லை. பளபளக்கும் உறையாக மாறியிருக்கிறது.

ஆனால், ஆடுவதற்கு அரிய சீட்டு தேவையில்லை. 2020-இல் வந்த ‘ஜம்ப்ஸ்டார்ட்’ முறையில் ஒவ்வோர் உறையிலும் ஒரு கருப்பொருளை ஒட்டிய 20 சீட்டுகள் நிலத்தோடு சேர்ந்தே இருக்கும். இரண்டைப் பிரித்துக் கலந்தால் 40 சீட்டுக் கட்டு தயார், உடனே ஆடலாம். 2024-இல் ‘ஃபவுண்டேஷன்ஸ்’ என்னும் தொகுப்போடு தொடக்கநிலையினர்க்கென ஒரு பெட்டி வந்தது. இத்தகைய உறைகள் பத்து அதில் உள்ளன. அவற்றுள் இரண்டைக் கொண்டு முதலாட்டத்தை அடியடியாக நடத்திக் காட்டுகிறது உடன்வரும் குறிப்பேடு. ஒரு வகுப்பே பெட்டி ஒன்றைப் பொதுவில் வைத்து ஆடலாம். எவனும் உறை கிழிக்க வேண்டியதில்லை. கதையை விரும்புவோனையும் விலையை விரும்புவோனையும் பிரித்தறியும் எளிய வழியும் இதுவே.

ஆசிரியர் வேடம்

இனித் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். நிலம், உயிர், செயல், பேச்சு என்னும் வரிசையில் புதியவனை உள்ளே கொண்டுவருவது சீட்டாட்டத்தின் வெற்றி. பேசுவோர் யார் என்று சொல்லாமல் விடுவது அதன் குறை. குறுந்தொகையின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் கூற்றுக்குறிப்பு உண்டு: தலைவி தோழிக்குச் சொன்னது, செவிலி நற்றாய்க்குச் சொன்னது என்று. அதை எழுதிவைத்த பழையோர் புதிய வாசகனை மறக்கவில்லை. 401 பாடல்களும் தனித்தனி வாயில்கள். எதைத் திறந்தும் உள்ளே போகலாம். முன்கதை அறிந்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வாயிலில் இலக்கண அட்டவணையை நிறுத்திவைத்தது நம் பாடமுறையே.

ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறையால் தீர்க்கலாம். மாணவன் கையிலுள்ள சீட்டு தமிழில் அச்சிடப்படுவதில்லை. அதன் விதியும் வாசகமும் ஆங்கிலத்தில் உள்ளன. அச்சீட்டுக்குத் தமிழில் ஒரு கூற்றுக்குறிப்பு எழுதுமாறு அவனைக் கேட்கலாம். இதில் பேசுவது யார்? யாரை நோக்கி? எந்நிலத்தில், எப்பொழுதில்? ஒரு வரி போதும். அவ்வொரு வரியை எழுத அவன் கதையைத் தேடுவான், நிலத்தை நோக்குவான், சொல்லைத் தெரிவான். அடுத்து, குறுந்தொகைப் பாட்டொன்றை எடுத்து அதைச் சீட்டாக்கச் சொல்லலாம். மேலே நிலம், நடுவே கருப்பொருளின் ஓவியம், கீழே அதன் விதி. தலைவியின் காத்திருப்பை விதியாக்குவது எப்படி? ஆடுவோன் ஒரு முறையை விட்டுக்கொடுக்க வேண்டுமா? எத்தனை முறை? பிரிந்தவன் திரும்பாவிடில் என் செய்வது? இவற்றுக்கு விடை தேடும் மாணவன், முல்லை ஏன் முல்லை என்பதைத் தானே கண்டு சொல்வான்.

அன்று கூத்துக்களத்தில் கட்டியங்காரனுக்கு அரச வேடமோ மணிமுடியோ இல்லை. கேட்கும் உரிமை மட்டும் இருந்தது. நீர் யார், எந்நாட்டவர், எதற்காக வந்தீர் என்று அவன் கேட்ட கேள்வியால் முன்வரிசைச் சிறுவனுக்கும் பாரதம் திறந்தது. சுங்கை சிப்புட்டிலோ சிம்மோரிலோ உள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றில், பையிலிருந்து விழுந்த சீட்டை எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர், அதே மூன்று கேள்விகளை அதன் உருவத்தைச் சுட்டிக் கேட்டுப் பார்க்கட்டும். மாணவன் விடை சொல்லத் தொடங்கியபின், குறுந்தொகையை அருகே விரித்து வைத்தால் போதும்.